ஆறு படங்களில் அவள் விழுகிறாள்

பாண்டிக்கு, உன் அம்மா எழுதுவது.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டவில்லை. மடித்து மட்டும் உன் கூட்டாளி காதர் கையில் கொடுத்துவிடுகிறேன். ரயிலில் அவன் படித்தாலும் சரி, பம்பாயில் உன்னோடு தங்கியிருக்கிறவர்களில் தமிழ் தெரிந்த யாராவது படித்தாலும் சரி, இதில் இருப்பது சோழவந்தானில் உன் மாமன் வீடு வரைக்கும் போனாலும் சரி. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் தப்பு இருக்கும். சொல்ல வருவது உனக்கு விளங்கும். நீ ரயிலேறிய அன்று நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை. உன் நெற்றியில் திருநீறும் பூசவில்லை. முகூர்த்த நாள், வெற்றிலை வியாபாரம் இருக்கிறது, கடையை விட்டு வர முடியாது என்று சொன்னேன். பொய். அன்று கோரிப்பாளையத்தில் நம் கடையை நான் திறக்கவே இல்லை. உள்ளே பலகையைப் போட்டுக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். உன்னைத் தொட எனக்கு அருவருப்பாக இருந்தது. பெற்ற பிள்ளையைத் தொட ஒருத்திக்கு அருவருப்பு வருமா என்று யாராவது கேட்டால், வரும் என்று சொல்லுவேன்.

நீ கொண்டுபோன கம்ப்யூட்டர் விளையாட்டுக் கேசட் அங்கே போய் ஓடவில்லை என்று காதர் சொன்னான். வழியில் சூடு பட்டதோ என்னவோ, திரையில் கோடு கோடாக வந்து நின்றுவிடுகிறதாம். இப்போது இருக்கிற ஒரே நல்ல கேசட் அவனிடம் இருக்கிறது. அது போய்ச் சேர்ந்தால்தான் விளையாட்டை விற்கப்போகிற அந்தப் பம்பாய்க்காரர் உன்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வார். அதைக் கொண்டுவர வேண்டியவன் என் முன்னால் வந்து நின்று, "அம்மா, நீங்க சொன்னா எடுத்துட்டுப் போறேன். வேணாம்னா இங்கேயே கெடக்கட்டும். அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றான். உன் பிழைப்பு என் வாயில் நிற்கிறது பாண்டி. ஏன் அவன் என்னிடம் வந்து கேட்டான் என்பதைத்தான் எழுதப்போகிறேன். பொறுமையாகப் படி. பாதியில் மடித்து வைக்காதே.

நீ காலேஜ் முடித்து, காதரோடு சேர்ந்து ஒத்தக்கடையில் அந்த உரக்கடை மாடியில் அறை பிடித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் வேலை என்றால் பேங்கில், ரயில்வேயில் கணக்குப் போடுகிற வேலை என்று நினைத்துக்கொண்டேன். விளையாட்டு செய்கிறேன் என்று நீ சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு நாள் பஸ் ஏறி வந்து பார்த்தேன். டைப் அடிக்கிற மிஷினின் பட்டனை மட்டும் தனியாக வெட்டி எடுத்த மாதிரி ஒரு சின்னப் பெட்டி, அதற்கு ஒரு டி.வி., பக்கத்தில் பாட்டுக் கேட்கிற டேப் ரெக்கார்டர். கேசட்டைப் போட்டால் பாட்டு வரவில்லை, வாலை மிதித்த நாய் மாதிரி ஒரு சத்தம். அந்தச் சத்தம்தான் படமாக மாறும் என்றாய். கீழே இருந்து உர நெடி, மேலே அந்த ஊளை. எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. ஆனாலும் நீ கண் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, சரி, பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது என்று வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் வீடெல்லாம் கட்டம் போட்ட தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற கிராப் தாள். ஒரு ஆள் என்றால் குறுக்கே பதினாறு கட்டம், உயரம் இருபத்து நாலு கட்டம். அதற்குள் தலை, கை, கால் எல்லாம் வர வேண்டும். சில கட்டத்தைப் பென்சிலால் கருப்பாக்குவாய், சிலதை வெள்ளையாக விடுவாய். ஓடுகிற ஆளுக்கு எட்டுப் படம். ஒன்றில் இடது கால் முன்னால், ஒன்றில் இரண்டு காலும் தரையில் படாமல், இப்படி எட்டு. எட்டையும் ஒன்றன் பின் ஒன்றாக வேகமாகக் காட்டினால் ஓடுகிற மாதிரி இருக்குமாம். அது மட்டும் போதாது, விழுந்தால் விழுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று மாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே போட்டுப் பார்த்தாய். வெண்டைக்காய், ஈரத் துண்டு. கடைசியில் நான் ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்த வெற்றிலைக் கட்டு.

"ஏண்டா, கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? விக்கிற வெத்தலையைத் தெருவுல போடுற?"

"எம்புட்டு வேகமா விழுதுன்னு பாக்குறேம்மா. மொதல்ல ஒரு கட்டம், அடுத்து ரெண்டு, அடுத்து மூணுன்னு வேகம் கூடிக்கிட்டே போகணும். இல்லேன்னா எடை இல்லாத மாதிரி தெரியும். எடை இல்லாம விழுந்தா யாரும் நம்ப மாட்டாங்க."

பேச்சி அப்போது கீழே தெருவில் நின்று வெற்றிலையைப் பொறுக்கிக்கொண்டே, "அண்ணே, அடுத்து அம்மாவைப் போட்டுப் பாரு. எடை நல்லா இருக்கும்" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். நம் வீட்டில் நாம் மூன்று பேர்தான். உன் அப்பா செத்த பிறகு சோழவந்தான் கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தவள், உங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு இங்கே வந்து கடை போட்ட நாளிலிருந்து மூன்று பேர்தான். அதில் அவள் கடைக்குட்டி. பதினேழு வயதிலும் வாய் அடங்காதவள்.

ஓடுகிற படத்துக்கு நீ அவளைத்தான் பிடித்தாய். வயதுக்கு வந்த பிள்ளை தெருவில் ஓட முடியாது. மொட்டை மாடியில் ஓடச் சொன்னாய். இந்தக் கைப்பிடிச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும். வலது கையால் பாவாடையை இடுப்போரம் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் அவள் ஓடுவாள். நீ சுவரில் சாய்ந்து, தாளை முழங்காலில் வைத்து, ஒரு தடவை ஓடியதும் ஒரு காலை வரைவாய், மறு தடவை ஒரு கையை. "அண்ணே, இன்னொருக்கா ஓடவா?" என்று அவளே கேட்பாள். அவளுக்கு அது அம்புட்டு சந்தோஷம். எத்தனை வருஷத்துக்கப்புறம் ஓடச் சொல்லி ஒருத்தர் சொல்லுகிறார்.

வரைந்ததைக் கம்ப்யூட்டருக்கு எண்ணாக மாற்ற வேண்டும் என்று என்னையும் அந்த வேலையில் சேர்த்தாய். நான் தாளில் விரலை வைத்து, ஒவ்வொரு வரியாக, "கருப்பு, கருப்பு, வெள்ளை, வெள்ளை, கருப்பு" என்று சொல்ல வேண்டும். நீ அதை ஒரு எண்ணாக்கி நோட்டில் எழுதிக்கொள்வாய். பேச்சி பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, என் மூக்கை விட்டுட்ட பாரு. மூக்கில்லாத பொண்ணை எவன் கட்டுவான்?" என்பாள். நான் திரும்ப முதலிலிருந்து படிப்பேன். என் அஞ்சாம் வகுப்புக்கும் ஒரு வேலை இருக்கிறதே என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிருந்தது.

அவள் செத்த நாளைப் பற்றி நீ என்னிடம் சொன்னது இவ்வளவுதான். நீ கீழே தண்ணீர் குடிக்கப் போனாய். திரும்பி மாடிக்கு வந்தபோது அவள் தரையில் கிடந்தாள். தூக்கிக்கொண்டு ஓடினாய். கடைக்கு ஆள் அனுப்பினாய். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. நான் அதை நம்பினேன். அவளைக் குளிப்பாட்டியது நான்தான், வேறு யாரையும் விடவில்லை. இரண்டு முழங்காலிலும் தோல் உரிந்திருந்தது. இடது உள்ளங்கையில் மாடித் தரையின் சுண்ணாம்புப் பொடி சதையில் ஏறியிருந்தது. இடது கன்னத்தில் தரையின் சொரசொரப்பு பதிந்திருந்தது. வலது கால் பெருவிரல் நகம் பிளந்து ரத்தம் கட்டியிருந்தது. முழங்காலும் கையும் கன்னமும் எனக்கு விளங்கின. பெருவிரல் மட்டும் விளங்கவில்லை. எதில் இடித்தாள் என்று மாடிக்குப் போய்த் தேடிக்கூடப் பார்த்தேன். இடிக்கிற மாதிரி அங்கே ஒன்றும் இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை.

கருமாதி முடிந்து ஒரு மாதம் இருக்கும். நான் சோறு தின்னாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நீ மறுபடி தாளைக் கொண்டுவந்தாய். "படிச்சுச் சொல்லும்மா. கொஞ்சம் மனசு மாறும்" என்றாய். ஆறு தாள். இந்தத் தடவை என் விரலை வைக்கவிடவில்லை. மேலே ஒரு ஸ்கேல், கீழே ஒரு ஸ்கேல் வைத்து, நடுவில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி நீயே பிடித்துக்கொண்டாய். கண் வழுக்காமல் இருக்க என்றாய். நான் படித்தேன். கருப்பு, வெள்ளை, வெள்ளை, கருப்பு. நூற்றுச் சொச்சம் வரி. என் வாயால் படித்தேன் பாண்டி. நடுவில் உனக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு வந்து மிச்சத்தையும் படித்தேன்.

பம்பாய்க்காரர் வந்த அன்று என்னையும் ஒத்தக்கடைக்கு வரச் சொன்னாய். நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தேன். அந்த அறையில் அவர், அவரோடு வந்த ஒருத்தர், நீ, காதர். எனக்கு முக்காலி போட்டீர்கள். கேசட் ஊளையிட்டு முடித்ததும் டி.வி.யில் ஒரு இடிந்த கோட்டை, குழி, குழியில் ஈட்டி. அதற்குள் தலைப்பாகை கட்டிய ஒரு ஆள் ஓடினான். ஓட ஆரம்பித்த அந்த நொடியே நான் எழுந்துவிட்டேன். வலது கை இடுப்போரம் மடங்கி, இல்லாத பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஓடியது. தலைப்பாகையும் மீசையும் வைத்தால் எனக்குத் தெரியாதா? முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பெற்ற வயிறு குளிர்ந்துபோனது. என் பிள்ளை ஓடுகிறாள், மூச்சு வாங்காமல் ஓடுகிறாள். பம்பாய்க்காரர் என்னவோ கேட்டார். காதர் சிரித்துக்கொண்டு எனக்குச் சொன்னான்: "இடுப்புல கத்தி வச்சிருக்கானான்னு கேக்குறாரும்மா."

அப்புறம் அவர் அமுக்கத் தெரியாமல் அமுக்கி, அவள் குழியில் விழுந்தாள். முதலில் முழங்கால். பிறகு இடது கை தரையைத் தேடி ஊன்றியது. பிறகு கன்னம். பிறகு, எல்லாம் ஓய்ந்த பிறகு, வலது கால் விரல் மட்டும் தரையை இரண்டு தடவை தேய்த்தது. தேய்த்து நின்றது. ஆறு படம். உடனே ஒரு சங்கு ஊதுகிற மாதிரி சத்தம், மேலே மூன்று உயிரில் ஒன்று அழிந்தது, அவள் மறுபடி முதலிலிருந்து எழுந்து நின்றாள். பம்பாய்க்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். இவ்வளவு தத்ரூபமாக எவனும் செத்ததில்லை என்றாராம். அதைக் காட்டு, அதைக் காட்டு என்று வேண்டுமென்றே அவளைக் குழியில் தள்ளினார். ஒரு தடவை இல்லை, உயிர் தீர்ந்ததும் ஆட்டத்தை மறுபடி ஆரம்பித்து, நாலு தடவை. நாலு தடவையும் அந்த விரல் தேய்த்தது. அவர்கள் சிரித்தார்கள், காதர் சிரித்தான், நீயும் பல்லைக் காட்டினாய். எனக்கு வாய்க்குள் புளிப்பாக எச்சில் ஊறியது. படியிறங்கி உரக்கடை வாசலில் வாந்தி எடுத்தேன். கடைக்காரர் வெயில் சேரவில்லை என்று தண்ணீர் கொடுத்தார்.

பஸ் நிற்கிற இடத்துக்கு நீ வந்தாய்.

"என்னம்மா ஆச்சு, பித்தமா?"

"அது விழுகுறது ஒனக்கு எப்படிடா தெரியும்?"

"எது விழுகுறது?"

"கடைசியில கால் விரல் தேய்க்குதே. அது."

நீ என்னைப் பார்க்கவில்லை. மேலூரிலிருந்து வருகிற பஸ்ஸைப் பார்த்தாய். "கற்பனைதாம்மா. சும்மா நல்லா இருக்கும்னு வச்சேன்" என்றாய். ஒரு வாரத்தில் ரயிலேறிவிட்டாய்.

அது கற்பனை இல்லை. அந்த விரலைப் பார்த்தவர் உலகத்தில் இரண்டு பேர்தான். தேய்த்து முடிந்த பிறகு பார்த்தவள் நான். தேய்க்கும்போது பார்த்தவன் நீ. நீ தண்ணீர் குடிக்கப் போகவில்லை. கையில் பென்சிலோடு அதே சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறாய். பார்த்ததை மறக்காமல் கட்டம் கட்டமாக எடுத்து வைத்து, அதைப் பெற்றவள் வாயாலேயே படிக்கவைத்து, யாரோ ஒருத்தர் விளையாட்டாகத் தள்ளிவிட்டுச் சிரிக்கக் கொடுத்திருக்கிறாய். சீ. சோற்றுத் தட்டைப் பார்த்தால்கூட எனக்கு அந்தத் திரைதான் தெரிந்தது. உன் துணிகளைத் துவைக்காமல் மூட்டையாகக் கட்டி மூலையில் போட்டேன். நீ படுத்த பாயைச் சுருட்டி அந்த மூட்டை மேல் வைத்தேன்.

போன வாரம் காதரைத் தேடி நானே ஒத்தக்கடைக்குப் போனேன். மறுபடி போட்டுக் காட்டு என்றேன். போட்டான். என் கையை அந்தப் பட்டனில் வைத்தான். நான் ஒன்றையும் அமுக்கவில்லை. அமுக்காவிட்டால் அவள் ஓடுவதில்லை. நின்ற இடத்தில் நிற்கிறாள். நெஞ்சு மட்டும் ஒரு கட்டம் மேலே, ஒரு கட்டம் கீழே போய் வருகிறது. மூச்சு விடுகிறாள். எத்தனை நேரம் வேண்டுமானாலும் இப்படியே பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று நான் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எதையாவது அமுக்குங்கம்மா. மேல பாருங்க, நேரம் கொறையுது. முடிஞ்சா தானா செத்துரும்."

"நான் ஒண்ணுமே செய்யலையேப்பா."

"ஒண்ணும் செய்யலைன்னாலும் சாகும்மா. அப்படித்தான் எழுதியிருக்கோம்."

அதேபோல் நேரம் முடிந்தது. அவள் விழுந்தாள். நான் காதரிடம் சொன்னேன், அது யார் என்று. அவன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சட்டென்று எழுந்து டி.வி.யை அணைத்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகுதான் சொன்னான். "ஓடுற படத்தை அவன் எத்தனையோ தடவை அழிச்சு அழிச்சு வரைஞ்சாம்மா. இதை ரப்பர் போடாம ஒரே மூச்சுல வரைஞ்சுட்டு வந்தான். எப்படிடான்னேன், டேப்பை எடுத்து மாட்டுனான். டெஸ்ட் பண்ணும்போதெல்லாம் ஆள் விழுந்துச்சுன்னா மூஞ்சியைத் திருப்பிக்குவான். டேப்பு சரியா சுத்துதான்னு பாக்குற மாதிரி குனிஞ்சுக்குவான். சங்கு சத்தம் நின்னப்புறம்தான் நிமிருவான். நான்தான் கூறுகெட்டவன், ஒண்ணும் வெளங்கல."

நீ குனிந்துகொள்வாய் என்று அவன் சொன்னபோது எனக்கு உன் மேல் இருந்த கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் பொய். ஆனால் அந்த பஸ்ஸில் திரும்பி வரும்போது, இன்னொரு அருவருப்பு மேலே வந்தது. அது உன் மேல் இல்லை. அதை இப்போது எழுதுகிறேன்.

அவளுக்கு ரத்தம் கம்மி என்று நான் உங்கள் எல்லாரிடமும் சொன்னேனே, அது பொய். பதினாலு வயதில் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனபோது, அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவர் என்னிடம் சொன்னார். சின்ன வயதில் மூட்டு வலியோடு வந்த காய்ச்சல் இருதயத்தில் வால்வைச் சுருக்கிவிட்டது. மாதாமாதம் ஊசி போட வேண்டும். ஓடக் கூடாது. தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது. பிறகு ஒரு நாள் ஆபரேஷன் தேவைப்படலாம். பொறுமையாக, எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்து, "ரத்தம் கம்மியாம் ஆத்தா, வேற ஒண்ணுமில்ல" என்று அவளிடமே சொன்னேன். ஏன் தெரியுமா? சோழவந்தானில் உன் மாமன் மகனுக்கு அவள் என்று பிறந்த அன்றே பேசியாயிற்று. இருதயத்தில் கோளாறு என்று உன் அத்தை காதுக்குப் போனால் அன்றோடு அந்தப் பேச்சு முடியும். அங்கே இல்லை என்றால் வேறு எங்கேயும் இல்லை. கல்யாணம் முடிந்து, ஒரு பிள்ளையைப் பெற்று எடுத்துவிட்டால் அப்புறம் அவர்கள் பாடு என்று நினைத்தேன். இப்படி நினைத்த மனசை எதில் கழுவுவது?

பொய்க்குத் தோதாக பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் வாங்கித் தின்னக் கொடுத்தேன். ஈரல் வாங்கிய அன்றெல்லாம் நீ உன் பங்கை அவள் தட்டில் தள்ளினாய். "சாப்புடுங்க மகாராணி, ஒங்களுக்குத்தான் ரத்தம் கம்மி" என்றாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உனக்குத் தெரியாது. அவளுக்கே தெரியாது. உலகத்தில் எனக்கும் அந்த டாக்டருக்கும்தான் தெரியும். நீ அவளை மாடியில் ஓடச் சொன்னதை நான் அறியாதவளா? ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது கண்ணால் பார்த்தேன். ஓடி நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, உதடு நிறம் மாறிப்போய் மூச்சு வாங்கினாள். வாய் வரைக்கும் வந்தது. பக்கத்து மாடியில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் உன் அத்தைக்குச் சிற்றப்பன் மகள். அவளைப் பார்த்ததும், "தாவணியெல்லாம் வேர்வை, கீழ வா புள்ள" என்றுதான் என் வாயில் வந்தது. அன்று சாயங்காலமாவது உன்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் சொல்லாததால் உன் கண் முன்னால் அவள் விழுந்தாள். அவள் ஏன் விழுகிறாள் என்று தெரியாமல், விளையாடுகிறாள் என்றுகூட நீ நினைத்திருப்பாய். அவள் விளையாடுகிறவள்தானே. விரல் தேய்த்து நின்ற பிறகுதான் உனக்கு உறைத்திருக்கும். இது என் ஊகம். அப்படியில்லை, நடந்தது வேறு என்றால் அதை நீதான் எழுத வேண்டும்.

ஆகவே, அவளை ஏன் உடனே ஓடிப்போய்த் தூக்கவில்லை என்று நான் உன்னைக் கேட்டால், அவளை ஏன் ஓடாதே என்று சொல்லவில்லை என்று நீ என்னைக் கேட்கலாம். கேள். உன் மாமன் வீட்டுக்கு நேற்றே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன். உன் அத்தை கோபப்படுவாள், திட்டுவாள், அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அவள், "மொதல்லயே சொல்லியிருந்தா ஆபரேஷன் பண்ணியிருக்கலாமே மதினி. எம் மகன் அவளைத்தான் கட்டுவேன்னு நின்னானே" என்றாள். காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். நாளைக்கு உனக்கு ஒரு பெண் பார்க்க வேண்டி வரும். அந்த வீட்டில் எதையாவது மூடி மூடிப் பேசினால் நீ முறைத்துக்கொண்டு எழுந்து வராதே. உட்கார்ந்து, எங்கள் வீட்டில் இப்படி நடந்தது என்று முதலில் நீ சொல்லு. அவர்களுக்கும் வாய் வரும்.

இப்போது கேசட். அந்த ஆறு படத்தையும் எடுத்துவிடச் சொல்லி காதரிடம் கேட்கலாம் என்றுதான் நினைத்தேன். "எடுத்துரலாம்மா, அரை நாள் வேலை. வேற எப்படியாவது விழ வைக்கலாம், இல்ல உக்காந்து மூச்சு வாங்க வச்சு எழுப்பிரலாம்" என்றான். வேண்டாம் என்றுவிட்டேன். அவன் எடுத்தால் அது அவன் எடுத்ததாகும். மறைக்கிற வேலையை மறுபடி நான் இன்னொருத்தரை வைத்துச் செய்ததாகும். அனுப்பாமல் நிறுத்திவைக்கவும் எனக்கு மனசில்லை. உன் பிழைப்பைக் கெடுத்து, அதை அவள் கணக்கில் எழுத மாட்டேன். எடுத்துக்கொண்டு போ என்று காதரிடம் சொல்லிவிட்டேன். இருக்கிறபடியே வருகிறது, விரல் தேய்ப்பது உட்பட. உன் கையில் அது இருக்கும்போது இந்தக் கடிதமும் இருக்கும். அவளை ஓட வை, நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அவளுக்கு ஓடப் பிடிக்கும். விழுவதை என்ன செய்வது என்று நீ முடிவு பண்ணு. பம்பாய்க்காரர் அதுதான் நன்றாக இருக்கிறது என்பார். அவருக்கு என்ன சொல்லுவது என்பதும் உன் பாடு.

காதர் திரும்பி வந்துவிடுவான்; விற்பனைக்குப் போட்டதும் அவனுக்கு ஒரு கேசட் தபாலில் வருமாம். வந்த அன்றே நான் கடையைப் பூட்டிவிட்டு ஒத்தக்கடைக்குப் போவேன். அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, எதையும் அமுக்காமல், மேலே நேரம் குறைவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முடியட்டும். முடிந்த பிறகு என் பிள்ளை என்ன ஆகிறாள் என்று பார்ப்பேன்.